ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் ஏறும் கார்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வண்டி 2008 மாடல் மாருதி 800. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சீட் உயரத் தண்ணீரில் ஒன்றரை நாள் நின்றிருக்கிறது. கழுவிக் காயவைத்து, ஆயில் மாற்றி, ஒருவழியாக ஓட்ட ஆரம்பித்தபின் ஒரு வருஷம் தொந்தரவு இல்லை. இப்போது இரவில் ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஏறுகின்றன. லைட்டை அணைத்தால் இறங்குகின்றன. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு பேட்டரி லைட் மங்கலாகக் கண் சிமிட்டுகிறது. ஏழு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. ஒரு மெக்கானிக் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவை, அதாவது ஆல்டர்நேட்டரை, மாற்று என்கிறார், இன்னொருவர் மீட்டர் போர்டே போய்விட்டது என்கிறார். ‘எதை முதலில் மாற்றட்டும் அண்ணாச்சி?’ என்பது கேள்வி.

இரண்டையும் மாற்றாதீர்கள் தம்பி. குறைந்தபட்சம் இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் டைனமோவும் நன்றாக இருக்கிறது, மீட்டர் போர்டும் நன்றாக இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. கெட்டிருப்பது இவற்றுக்குப் போகிற வழியில் இருக்கும் இரண்டு இணைப்புகள். அதைச் சும்மா நம்பச் சொல்லவில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீங்கள் இரண்டு பேட்டரியை அளக்காமலே ஆற்றில் போட்டிருக்கிறீர்கள்.

முதலில் முள் விஷயம். ஒரு முள் மட்டும் தப்பாகக் காட்டினால் அந்த முள்ளையும் அதற்குச் சேதி அனுப்புகிற சாமானையும் சந்தேகப்படலாம். பெட்ரோல் முள் மட்டும் பாதியில் நின்றுவிட்டால் டேங்குக்குள் இருக்கும் ஃப்ளோட்டில் கோளாறு. இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் போனால் இரண்டும் ஒரே நாளில் கெட்டுப்போயிருக்கும் என்று நினைப்பதற்கு முன், இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் பொதுவாக இருப்பவை இரண்டுதான். ஒன்று, சாவி போட்டால் வருகிற கரண்ட். இன்னொன்று மீட்டர் போர்டின் எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போகிற வழி.

கரண்ட் வருவது குறைந்தால் முள் இறங்கப் பார்க்கும், ஏறாது. உங்களுக்கு ஏறுகிறது, அதுவும் லைட் போட்டால்தான். ஆகவே எர்த். காரணம் சொல்கிறேன். டேங்குக்குள் இருக்கும் ஃப்ளோட் ஒரு மாறும் ரெசிஸ்டன்ஸ். இந்த மாதிரி வண்டிகளில் டேங்க் நிறைந்திருந்தால் ரெசிஸ்டன்ஸ் குறைவு, காலியானால் அதிகம். என்ஜினில் இருக்கும் டெம்பரேச்சர் சென்சாரும் அப்படித்தான், சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். மீட்டர் அந்த ரெசிஸ்டன்ஸைத் தன்னுடைய எர்த்தோடு ஒப்பிட்டுத்தான் முள்ளை நகர்த்துகிறது. தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைப் படியில் நின்று ஆற்றின் மட்டம் பார்க்கிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் நிற்கும் படி அவனுக்குத் தெரியாமல் ஒரு சாண் இறங்கிவிட்டால், ஆறு ஏறிவிட்டது என்றுதான் சொல்வான். மீட்டரின் எர்த் நிலை மாறினாலும் அதே கதை. டேங்க் அப்படியே இருக்கிறது, என்ஜின் அப்படியே இருக்கிறது, மீட்டர் மட்டும் ‘நிறைந்துவிட்டது, கொதிக்கிறது’ என்கிறது.

ஹெட்லைட் எங்கே இதில் வருகிறது? ஹெட்லைட் சுவிட்சைத் தட்டினால் மீட்டர் போர்டுக்குள் இருக்கும் சின்ன பல்புகளும் எரியும் அல்லவா, அவற்றின் கரண்டும் அதே எர்த் ஒயர் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. எர்த் நட்டுக்கு அடியில் செம்பு அரித்துப் பூக்கும் களிம்பு இருந்தால் அந்தக் கூடுதல் கரண்டுக்கு வழி போதாது. மீட்டரின் எர்த் பாடியைவிட ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் மேலே தூக்கி நிற்கும். பல்பு அணைந்தால் கீழே வந்துவிடும். முள்ளும் கூடவே இறங்கும்.

சோதித்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் போட்ட நீள ஒயர் ஒன்று எடுங்கள். ஒரு முனையை பேட்டரி மைனஸில் மாட்டுங்கள். மற்ற முனையை மீட்டர் போர்டின் எர்த் ஒயரில், மீட்டருக்குப் பின்னால் சொருகியிருக்கும் பிளாஸ்டிக் கப்ளரிலோ அந்த ஒயர் பாடியில் முடுக்கியிருக்கும் லக்கிலோ (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) தொடுங்கள். சாவி போட்டு, ஹெட்லைட் போட்டு முள்ளைப் பாருங்கள். தொட்டவுடன் இரண்டு முள்ளும் தத்தம் இடத்துக்கு இறங்கினால் வழக்கு முடிந்தது, மீட்டர் போர்டு வாங்கும் காசு மிச்சம். லக்கில் தொட்டபோது மாற்றமில்லை, கப்ளரில் தொட்டால் இறங்குகிறது என்றால் கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில், அதாவது ஒயரிலோ லக்கின் கழுத்திலோ இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. டெம்பரேச்சர் முள் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டிவிட்டு நிம்மதியாக ஓட்டிவிடாதீர்கள். லைட் போடாத பகலிலும் முள் ஏறினால் அது நிஜமாகவே சூடாக இருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் இருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். என்ஜின் ஆறுவதற்கு முன் மூடியைத் திறக்க வேண்டாம். கையில் சுட்ட தழும்போடு கடைக்கு வருகிறவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

டெம்பரேச்சர் முள் மட்டும் ஏறி, பெட்ரோல் முள் நகராமல் இருந்தால் கதை வேறு. அப்போது என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் தடித்த எர்த் ஒயரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தச் சென்சார் என்ஜின்மேல் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டர் கேபிளோ சோக் கேபிளோ சூடாகிறது, சில வண்டிகளில் புகையே வருகிறது என்று சொல்வார்களே, அதுவும் இதே ஒயர் போனதால் வருவதுதான். தடித்த ஒயரில் போக முடியாத கரண்ட் கிடைத்த கம்பி வழியாகப் போகும். ஸ்பீடோமீட்டர் முள் ஆடினால் இந்தக் கூட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள். கேபிள் போட்ட வண்டியில் அது கேபிளின் வேலை, எலக்ட்ரிக்குக்குச் சம்பந்தமே இல்லை.

இனி சார்ஜிங். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி ‘மங்கலாக’ என்ற ஒரு சொல்தான். லைட் நன்றாக எரிகிறதா, மங்கலாக எரிகிறதா என்று பெரும்பாலானவர்கள் சொல்லவே மாட்டார்கள். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

பேட்டரி லைட் எப்படி வேலை செய்கிறது என்றால், அந்த பல்புக்கு நேரடி எர்த் கிடையாது. ஒரு பக்கம் சாவியிலிருந்து வரும் பேட்டரி கரண்ட், மறுபக்கம் டைனமோ. சாவி போட்டு என்ஜின் ஓடாதபோது டைனமோ பக்கம் காலி, ஆகவே கரண்ட் அந்தப் பக்கம் பாய்ந்து பல்பு நன்றாக எரியும். அந்தச் சின்னக் கரண்டுதான் டைனமோவின் காயிலை முதலில் எழுப்பிவிடுகிறது. அதனால் பேட்டரி லைட் பல்பு ஃப்யூஸ் ஆனால் சில வண்டிகளில் டைனமோ சார்ஜே செய்யாது. பல்பு போனதற்கு டைனமோவைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்கு அனுப்பியவர்கள் உண்டு. சாவி போட்டதும், ஸ்டார்ட் செய்யும் முன், லைட் எரிகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

என்ஜின் ஓடி டைனமோ எழுந்தபின் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் ஆகிவிடும். கரண்ட் எந்தப் பக்கமும் பாயாது, லைட் அணையும். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சமபலமாக இழுத்தால் கயிறு நிற்பது போல. ஓடும்போது லைட் நன்றாக எரிந்தால் டைனமோ பக்கம் ஒன்றுமே இல்லை என்று பொருள். பெல்ட் அறுந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் கட்டவுட் (ரெகுலேட்டர்) போயிருக்கலாம். மங்கலாக எரிந்தால் இரண்டு பக்கமும் வோல்டேஜ் இருக்கிறது, ஆனால் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் வித்தியாசம் இருக்கிறது. இதற்கு இரண்டு காரணம்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். டைனமோவுக்குள், கரண்டை ஒரே திசையில் விடுகிற டயோடு ஒன்று போயிருக்கும். இல்லையென்றால் டைனமோவிலிருந்து பேட்டரிக்கு வரும் தடித்த ஒயரில் எங்கோ வோல்டேஜ் விழுகிறது.

எது என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள்.

இரவு முழுவதும் நிறுத்திவைத்த வண்டி, காலையில் சாவி போடும் முன் பேட்டரியின் இரண்டு முனையில் அளந்து பாருங்கள். 12.6 இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு முள்… முள்ளா, இப்போது எண்தானே, எண்ணைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியின் உள்ளேயே தெம்பு இல்லை. ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்து மறுபடி அளங்கள். 13.8-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் கட்டவுட் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் அடிக்கடி போகும்.

இத்தனையும் எல்லோரும் செய்வதுதான். உங்களுக்கு அடுத்தது முக்கியம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெட்லைட், ப்ளோயர் ஃபேன், வைப்பர் எல்லாவற்றையும் போடுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை டைனமோவின் பின்னால் தடித்த ஒயர் முடுக்கியிருக்கும் பெரிய போல்ட்டிலும், கறுப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். பெல்ட்டும் ஃபேனும் சுற்றுகிற இடம், சட்டை நுனியும் ஒயரும் அதில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ்ஸுக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவில் என்ன வரும் என்று சிரிக்க வேண்டாம். நல்ல வண்டியில் 0.2 வோல்ட், மிஞ்சினால் 0.3. உங்கள் வண்டியில் 1.5 அல்லது 2 காட்டும் என்பது என் கணிப்பு. பிறகு சிவப்பு முனையை டைனமோவின் உடம்பிலும் கறுப்பை பேட்டரி மைனஸிலும் வைத்து எர்த் பக்கத்தையும் பாருங்கள். அதுவும் 0.2-க்குள் இருக்க வேண்டும்.

2 வோல்ட் விழுவதன் பொருள் என்னவென்று பாருங்கள். கட்டவுட் பெரும்பாலும் டைனமோவுக்குள்ளேயே இருக்கிறது, தன் வாசலில் 14.4 வந்ததும் போதும் என்று நிறுத்திக்கொள்கிறது. அந்த 14.4 பேட்டரிக்கு வந்து சேரும்போது 12.4 ஆகிவிடுகிறது. பகலில் லைட் போடாமல் ஓட்டினால் கரண்ட் குறைவு, விழுவதும் குறைவு, பேட்டரி எப்படியோ அரைவயிறு நிரம்பும். இரவில் நிரம்பவே நிரம்பாது. வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரை, ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை மார்க்கெட் வரை என்று துண்டு துண்டாக ஓட்டுகிற வண்டிக்கு நிறைய வாய்ப்பும் கிடைப்பதில்லை. அரைவயிற்றோடு மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும். பேட்டரி செத்தது பேட்டரியால் அல்ல, பசியால். மூன்றாவது பேட்டரி போட்டாலும் இதே கதிதான்.

20 ஆம்பியர் ஓடும் ஒயரில் ஓர் இணைப்பு ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடுத்தால் போதும், 2 வோல்ட் போய்விடும். 20-ஐ 2-ஆல் பெருக்கினால் 40 வாட்ஸ். அதாவது ஒரு நட்டுக்கு அடியில் 40 வாட்ஸ் சால்டரிங் அயன் ஒன்று சதா சுட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் மல்டிமீட்டர் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் போட்டு கால் மணி நேரம் ஓடவிட்டு, என்ஜினை அணைத்து, இணைப்புகளை ஒவ்வொன்றாக விரல் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். நல்ல இணைப்பு சுற்றியிருக்கும் இரும்பின் சூட்டில்தான் இருக்கும். கெட்டது தனியாகச் சுடும், ஒயரின் பிளாஸ்டிக் பழுத்துக் கறுத்திருக்கும்.

மல்டிமீட்டரைப் ‘பீப்’ சத்தத்தில் வைத்து ஒயரைச் சோதிக்கிற பழக்கம் நம் ஊர்க் கடைகளில் நிறைய. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். முப்பது இழை உள்ள ஒயரில் ஓர் இழை மட்டும் மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் உள்ளே போக முடிகிறது என்பதால் வாசல் பெரிசு என்று சொல்வது போன்றது அது. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைக்க வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் டீசல் வண்டி கொண்டுவந்தார். இதே நோய். டைனமோவைக் கழற்றி ரீவைண்டிங் செய்து போட்டேன். பத்தாவது நாள் திரும்பி வந்தார். கட்டவுட் மாற்றினேன். மறுபடி வந்தார். மூன்றாவது முறை அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு, கைக்காசு போட்டுப் புது டைனமோவே மாட்டினேன். அதற்கும் லைட் மினுங்கியது. அன்று சாயங்காலம் வேறு எதற்கோ ஒயரைத் தள்ளியபோது பேட்டரி பக்கத்து லக் என் கையோடு வந்துவிட்டது. மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் அழகாகச் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே பச்சைப் பொடி, நடுவில் நாலு இழை செம்பு. ஒரு லக்கின் விலைக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை. அவர் என்னைத் திட்டவில்லை, ‘பரவாயில்ல அண்ணாச்சி’ என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு ஞாபகம் இருந்திருக்காது.

உங்கள் வண்டிக்கு இப்போது ஏன் இது வந்தது என்றால், அந்த வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஜங்ஷன், கொக்கிரகுளம், சிந்துபூந்துறை என்று ஆற்றோரம் இருந்த வண்டிகள் எத்தனை முங்கின! அந்தத் தை, மாசி முழுக்க சீட்டைக் கழற்றிக் காயப்போடும் வேலைதான் நடந்தது. என்ஜினையும் ஆயிலையும் எல்லோரும் பார்த்தார்கள். கப்ளருக்குள்ளும் லக்கின் கழுத்துக்குள்ளும் புகுந்த சேற்றுத் தண்ணீரை யாரும் பார்க்கவில்லை. அது அங்கேயே இருந்து, ஒயரின் இழைகளுக்கு நடுவில் ஏறி, மெதுவாகச் செம்பைத் தின்னும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழித்துத்தான் கணக்கு வரும். பேரிலேயே தாமிரம் வைத்திருக்கும் ஆறு, வண்டியில் இருந்த தாமிரத்தையும் எடுத்துக்கொண்டது என்று கடையில் சொல்லிச் சிரிப்போம். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் இருக்கிறவர்களுக்கு வெள்ளமே வேண்டாம். உப்புக்காற்று இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும், அங்கிருந்து வருகிற வண்டியின் பேட்டரி முனையைப் பார்த்தாலே ஊர் சொல்லிவிடலாம்.

சரி, கண்டுபிடித்துவிட்டீர்கள், எப்படிச் சரிசெய்வது? முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். மைனஸ்தான் முதலில், திரும்ப மாட்டும்போது அதுதான் கடைசி. பிளஸ் நட்டைத் திருப்பும்போது ஸ்பேனர் பாடியில் இடித்தால் வெல்டிங்தான், மைனஸ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் விடும்.

மீட்டர் போர்டின் எர்த், டேஷ்போர்டுக்கு அடியில் பாடித் தகட்டில் ஒரு போல்ட்டில் முடுக்கியிருக்கும். கழற்றுங்கள். லக்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். தகட்டில் துருவும் பெயின்ட்டும் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள். லக்கையும் அப்படியே தேயுங்கள். பல் வைத்த வாஷர் போட்டு நன்றாக முடுக்குங்கள், முடுக்கியபிறகு மேலே வாசலின் தடவுங்கள். தடவிவிட்டு முடுக்குகிறவர்கள் உண்டு, நான் அப்படிச் செய்வதில்லை. இரும்பும் இரும்பும் கடித்துப் பிடித்தபின் வெளியே காற்றும் ஈரமும் போகாமல் மூடத்தான் அது. மீட்டருக்குப் பின்னால் வரும் கப்ளரையும் ஒருமுறை பிடுங்கி, எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு மாட்டுங்கள். பிடுங்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் நாக்கை அழுத்தி கப்ளரைப் பிடித்து இழுங்கள்.

டைனமோ ஒயருக்கு லக்கை வெட்டிப் புதிது போட வேண்டும். ஒயரை உரித்தால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு சாண் போனாலும் கறுப்பாகவே இருந்தால் அந்த ஒயரையே மாற்றிவிடுங்கள், பழைய ஒயருக்குக் குறையாத தடிமனில். நடுவில் ஃப்யூசிபிள் லிங்க் என்று ஒரு ஃப்யூஸ் ஒயர் இருக்கும். அதன் முனையிலும் களிம்பு இருக்கலாம், சுத்தம் செய்யுங்கள், ஆனால் அதை எடுத்துவிட்டு நேராக ஒயர் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஏதாவது உரசினால் முதலில் உருக வேண்டியது அதுதான், இல்லையென்றால் வண்டியே. ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் சிகரெட் பேப்பர் சுருட்டி வைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். லக்கை ஈயத்தால் பற்றவைப்பதாக இருந்தால் பசைக்குப் பதிலாக ரோசின் உள்ள ஈயக் கம்பி பயன்படுத்துங்கள். அந்த மஞ்சள் பசையில் அமிலம் இருந்தால் இன்னும் ஒரு வருஷத்தில் இதே வேலையை மறுபடி செய்வீர்கள்.

பேட்டரி முனையில் பூத்திருப்பதற்கு வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் மட்டும் அது போகக்கூடாது.

ஒருவேளை பிளஸ் பக்கமும் எர்த் பக்கமும் 0.2-க்குள்ளேயே இருக்கின்றன, லைட் மட்டும் இன்னும் மினுங்குகிறது என்றால் என் கணிப்பு தப்பு, டயோடு பக்கம் போக வேண்டும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஹெட்லைட் போட்டு ஓடவிட்டு, பேட்டரி முனையில் அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது டைனமோவைக் கழற்றுங்கள், சேறு போயிருந்தால் பேரிங்கையும் கார்பனையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டருக்குள் அமுங்க வேண்டும். லைட் போட்டவுடன் கீச்சென்று கத்தினால் வழுக்குகிறது. இதை என்ஜின் அணைத்திருக்கும்போது செய்யுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

உங்கள் மெக்கானிக் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றி, ‘வண்டி நிற்கவில்லை, டைனமோ நன்றாக இருக்கிறது’ என்று காட்டினாரா? பழைய அம்பாசிடர், ஃபியட் காலத்தில் நானும் அப்படிச் செய்தவன்தான். அசல் டைனமோ இருந்த காலம் அது, அந்தப் பேர்தான் ஆல்டர்நேட்டருக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்சிவிடும் எம்பிஎஃப்ஐ வண்டியில் அதைச் செய்தால், பேட்டரி கழன்ற அந்த நொடியில் வோல்டேஜ் துள்ளிக் குதிக்கும். கம்ப்யூட்டர் பெட்டியும் கட்டவுட்டும் அதில் போகலாம். அந்த விளையாட்டை யாரையும் விளையாட விடாதீர்கள்.

எல்லாம் சரியாகியும் காலையில் 12.6 இருந்த பேட்டரி இரண்டு நாள் நிறுத்தினால் 12-க்கு வருகிறது என்றால், வண்டி தூங்கும்போது யாரோ கரண்ட் குடிக்கிறார்கள். எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, மைனஸைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து மைனஸ் முனைக்கும் ஒயருக்கும் நடுவில் மாட்டுங்கள். அப்படி இருக்கையில் செல்ஃப் அடித்தால் மல்டிமீட்டர் போய்விடும், ஆகவே சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் காட்டினால் இரண்டு நாளில் 24 ஆம்பியர் ஹவர் போய்விடும், உங்கள் வண்டியில் இருப்பதே 35-தான். ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கினால் எண் விழுகிறதோ அந்த வழியில் திருடன் இருக்கிறான். பெரும்பாலும் பின்னால் மாட்டிய ஸ்டீரியோவோ அலாரமோதான்.

கடைசியாக, அந்த இரண்டு பழைய பேட்டரிகள். காயலான் கடையில் போட்டுவிட்டீர்களா, இன்னும் வீட்டில் இருக்கின்றனவா? இருந்தால் போடாதீர்கள். தகட்டுக்குமேல் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில் வாட்டர் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம்பிக்கையான பேட்டரிக் கடையில் கொடுத்து மூன்று, மூன்றரை ஆம்பியரில் மெதுவாக, நிறையும்வரை சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். அவசர சார்ஜ் வேண்டாம். முதலாவது அதிக நாள் கிடந்திருப்பதால் தேறாது என்று நினைக்கிறேன். இரண்டாவது தேறலாம். ஏற்றி ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டு, காலையில் அளந்து அந்த எண்ணையும், டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வந்த எண்ணையும் எனக்கு எழுதுங்கள். மிச்சத்தை அப்போது பேசிக்கொள்ளலாம்.